பஞ்சதந்திரமும் நாங்கள் நாலு பேரும்

ஆண்களின் நட்பைப் பற்றித் தமிழ் சினிமா நிறையவே பேசியிருக்கிறது. பேசியதில் பெரும்பகுதி உயிரைக் கொடுப்பது பற்றித்தான். 1991-இல் வந்த 'தளபதி'யில் சூர்யாவும் தேவாவும் கர்ணனும் துரியோதனனுமாக நின்றபோது தியேட்டரில் அழாத ஆள் குறைவு. அதற்கும் வேர் பழையது. கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்தபோது, அதுவரை அவனை நேரில் பார்த்தே இராத பிசிராந்தையார் பாண்டிநாட்டிலிருந்து வந்து, அவனைப் போலவே உயிர்விட்ட கதையைப் பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டுத்தான் நாம் வளர்ந்தோம். நட்பு என்றால் அந்த உயரம் என்று மனசில் பதிந்துவிட்டது.

வேலைக்குப் போய், கல்யாணம் முடிந்து, மாசாமாசம் வீட்டுக்கடன் கட்ட ஆரம்பித்த பிறகு எந்த நண்பனும் நம்மிடம் உயிரைக் கேட்டு வருவதில்லை. அவனுக்குத் தேவைப்படுவது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அதையும் அவன் வாய்விட்டுக் கேட்க மாட்டான். கேட்காததை நாமாகத் தெரிந்துகொண்டு, ஏதாவது ஒரு சாக்கு வைத்துக்கொண்டு போய் நிற்க வேண்டும். முப்பது வயதுக்கு மேல் ஆண்களுக்குள் நட்பு உயிரோடிருப்பது அந்தச் சாக்குகளால்தான். எனக்கு இதை முதலில் காட்டிக்கொடுத்தது ஒரு சிரிப்புப் படம்: 'பஞ்சதந்திரம்'.

2002 ஜூன் 28-ஆம் தேதி வெளியான படம். கே.எஸ்.ரவிகுமார் இயக்கினார். கதை கமல்ஹாசன், வசனம் கிரேசி மோகன், இசை தேவா. கோவையில் ஒரு சனிக்கிழமை இரண்டாம் ஆட்டத்துக்கு நாங்கள் நாலு பேரும் போனோம். ஒரே விடுதியில் தங்கிப் படித்தவர்கள். நான் கோபிசெட்டிபாளையத்துக்காரன். ஒருவன் திருப்பூர். ஒருவன் பாலக்காட்டிலிருந்து வந்தவன். எங்களைவிட ஒரு வயது மூத்தவன் என்பதால் அவனுக்கு 'ஏட்டன்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. நாலாவது ஆள் சாமராஜநகர்ப் பக்கத்துக் கன்னடக்காரன். படிப்பு முடிந்ததும் மைசூருக்கு வேலைக்குப் போனவனை அன்றிலிருந்து மைசூரான் என்றே கூப்பிட்டோம். அந்த வருஷம் நாலு பேரில் மூன்று பேருக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. விடுதியில் தினமும் ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள், ஒருவரை ஒருவர் பார்ப்பதற்கு யாராவது ஒருவர் வீட்டு விசேஷத்துக்காகக் காத்திருக்கத் தொடங்கிய காலம் அது.

படத்தின் கதை பலருக்குத் தெரிந்ததுதான். ராம் ஒரு விமானி. விமானக் கடத்தல் ஒன்றின் நடுவே மைதிலியைச் சந்தித்து, காதலித்துக் கல்யாணம் செய்துகொள்கிறான். பழைய விளையாட்டுத்தனங்களையெல்லாம் விட்டுவிட்டு ஒழுங்காகக் குடும்பம் நடத்துகிறவன், பழைய தோழி ஒருத்திக்கு உதவப் போன இடத்தில் மாட்டிக்கொள்கிறான். மனைவி வேறாகப் புரிந்துகொண்டு கோபித்துக்கொண்டு போய்விடுகிறாள். ஆள் உடைந்துபோகிறான். அவனைத் தேற்றுவதற்காக நாலு நண்பர்களும் பெங்களூருக்கு அழைத்துப் போகிறார்கள். அங்கே மேகி என்ற பெண் அறையில் பிணமாகக் கிடக்கிறாள். பயந்துபோய் அந்த உடலைக் கொண்டுபோய்த் தண்ணீரில்லாத ஆற்றில் போட்டுவிட்டு வருகிறார்கள். கூடவே வைரங்கள் வந்து சேர்கின்றன. பிணம் பிணமல்ல என்று பிறகுதான் தெரிகிறது. அதற்குள் ஐந்து வீடுகளிலும் சந்தேகம் புகுந்துவிடுகிறது.

ஐந்து நண்பர்களில் ஒருவன் மலையாளி, ஒருவன் கன்னடக்காரன், ஒருவன் தெலுங்கன், ஒருவன் அய்யர் வீட்டுப் பிள்ளை. அய்யப்பன் நாயராக மலையாளத்தின் முன்னணி நடிகர் ஜெயராம், ஹெக்டேயாகக் கன்னடத்தின் முன்னணி நடிகர் ரமேஷ் அரவிந்த், ரெட்டியாக ஸ்ரீமன், வேதமாக யூகி சேது. தென்னிந்தியா முழுவதையும் ஒரு காரில் ஏற்றியது வியாபாரக் கணக்கு என்று அப்போது சிலர் சொன்னார்கள். கோயம்புத்தூரில் வாழ்ந்தவனுக்கு அப்படித் தோன்றாது. ஆலைகளும் பட்டறைகளும் பெருகிய அந்த ஊரில் வீட்டுக்குள் தெலுங்கு பேசும் குடும்பங்கள் ஏராளம், கன்னடம் பேசும் குடும்பங்களும் ஏராளம். வாளையார் தாண்டினால் பாலக்காடு. காலையில் ரயிலேறி வந்து வேலை பார்த்துவிட்டுச் சாயங்காலம் வீடு திரும்புகிறவர்கள் உண்டு. எங்கள் விடுதி அறையிலேயே மூன்று மொழியில் சண்டை நடக்கும். திரையில் நாயர் வாயைத் திறந்த கணத்தில் எங்கள் வரிசை மொத்தமும் ஏட்டனைத் திரும்பிப் பார்த்தது. அவன்தான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தான்.

சிரித்து முடித்து வெளியே வந்து, டீக்கடையில் நின்றபோது திருப்பூரான் ஒன்று சொன்னான். "கவனிச்சியாடா? அவன் பொண்டாட்டி போயிட்டான்னு ஒருத்தனாவது ஆறுதலா ஒரு வார்த்தை சொன்னானா? வண்டில ஏறுடான்னு கூட்டிட்டுப் போயிட்டானுங்க." அன்றைக்கு அது ஒரு வேடிக்கைப் பேச்சு. யோசித்தால், படத்தின் முதுகெலும்பே அதுதான். அந்த நாலு பேருக்கும் ஆறுதல் சொல்லத் தெரியாது. தெரிந்ததெல்லாம் கூட்டிக்கொண்டு போவதும் கூட இருப்பதும்தான். அவர்கள் செய்தது முட்டாள்தனம், செய்யக்கூடாத காரியமும்கூட. ஆனால் நடுராத்திரியில் அந்தக் காரைவிட்டு ஒருவனும் இறங்கி ஓடவில்லை. உயிரைக் கொடுக்கும் நண்பர்களைப் பார்த்துப் பழகிய எனக்கு, பயத்தில் நடுங்கிக்கொண்டே கூட நிற்கும் நண்பர்கள் புதிதாகத் தெரிந்தார்கள். என் நண்பர்கள் அப்படிப்பட்டவர்கள்தான் என்பதும் தெரிந்தது.

இப்படி ஒரு கூட்டத்தை எழுத கிரேசி மோகனைவிடப் பொருத்தமானவர் இருந்திருக்க முடியாது. கிண்டி பொறியியல் கல்லூரியில் இயந்திரவியல் படித்து, சுந்தரம் கிளேட்டனில் வேலை பார்த்தவர். எஸ்.வி.சேகருக்காக அவர் எழுதிய 'கிரேசி தீவ்ஸ் இன் பாலவாக்கம்' நாடகம்தான் அவருக்கு அந்த அடைமொழியைத் தந்தது. 1979-இல் 'கிரேசி கிரியேஷன்ஸ்' என்று சொந்தக் குழு ஆரம்பித்தார். தம்பி மாது பாலாஜியும் நண்பர்களும் சேர்ந்து அந்தக் குழுவைப் பல பத்தாண்டுகள் நடத்தினார்கள். பகலில் அலுவலகம், மாலையில் ஒத்திகை, வார இறுதியில் சபா மேடை என்று ஒரு கூட்டம் சேர்ந்தே நரை கண்டது. அவர்களுக்கு நாடகம் ஒரு கலை. கூடவே, வாராவாரம் ஒருவரை ஒருவர் பார்ப்பதற்கான காரணமும் அதுவாக இருந்திருக்கும். 1989-இல் 'அபூர்வ சகோதரர்கள்' தொடங்கி 'மைக்கேல் மதன காமராஜன்', 'சதிலீலாவதி', 'அவ்வை சண்முகி', 'தெனாலி' என்று கமலும் அவரும் சேர்ந்து போன பாதையும் நட்பின் பாதைதான். 'பஞ்சதந்திர'த்தில் ஒருவன் தொடங்கிய வாக்கியத்தை இன்னொருவன் எடுத்து, மூன்றாமவன் தப்பாகக் காதில் வாங்கி, நாலாமவன் அதற்குப் பதில் சொல்லிவிடுவான். அந்த வேகம் தனியாக உட்கார்ந்து எழுதும் ஆளுக்கு வராது. பல வருஷம் நண்பர்களுக்கு நடுவில் உட்கார்ந்து பேசியவனின் காதுக்குத்தான் வரும்.

எல்லாரும் இன்றும் சொல்லிச் சிரிக்கும் தொலைபேசிக் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே அழைப்பில் ஐந்து குரல்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறும். 2002-இல் அது எவ்வளவு பெரிய ஆடம்பரம் என்பதை இன்றைய பிள்ளைகளுக்கு விளக்க வேண்டும். அப்போது கைப்பேசியில் வரும் அழைப்புக்கும் நம்மிடம் காசு பிடிப்பார்கள். நண்பன் பேர் திரையில் தெரிந்தால் எடுக்காமல் வெட்டிவிட்டு, பக்கத்துக் கடைக்குப் போய் ஒரு ரூபாய் போட்டுக் கூப்பிடுவார்கள். எங்களில் ஏட்டனிடம் மட்டும்தான் கைப்பேசி இருந்தது. மைசூரானோடு பேச எஸ்.டி.டி. பூத்தில் கட்டணம் குறையும் இரவு நேரத்துக்காகக் காத்திருப்பேன். ஐந்து பேர் ஒரே நேரத்தில் பேசிக்கொள்ள முடியும் என்பதே அந்தக் காட்சியில் எங்களுக்கு ஏக்கமாக இருந்தது.

மைசூரானோடு பேசுவது அந்த வருஷம் வேறு விதத்திலும் கடினமாக இருந்தது. 2002 காவிரிக்கு மிக மோசமான ஆண்டு. மழை பொய்த்தது. தண்ணீர்ப் பிரச்சினை இரண்டு மாநிலங்களிலும் தெருவுக்கு வந்தது. அக்டோபரில் தமிழ்த் திரையுலகம் நெய்வேலியில் திரண்டது. திம்பம் மலை ஏறி மைசூருக்குப் போகும் பஸ்கள் சில நாட்கள் எல்லையோடு நின்றன. அந்த நாட்களில் ஒரு ராத்திரி அவன் எங்கள் வீட்டு லேண்ட்லைனுக்குக் கூப்பிட்டான். ஊர் நிலவரம், போராட்டம், யார் பக்கம் நியாயம் என்று எதுவும் பேசவில்லை. "அப்பா நாத்து விட்டுட்டாரா? பவானில தண்ணி இருக்கா?" என்று கேட்டான். அவன் அப்பாவும் விவசாயி. அங்கே என்ன நிலைமை என்று நானும் கேட்டேன். இரண்டு வீட்டு வயலையும் பற்றிப் பேசி முடித்த பிறகு, படத்தில் தண்ணீரில்லாத ஆற்றில் உடலைப் போடும் இடத்தை ஞாபகப்படுத்தி அவனே சிரித்தான். அந்தச் சிரிப்புக்காகத்தான் காசு போட்டுக் கூப்பிட்டிருக்கிறான் என்று எனக்குப் புரிந்தது. நமக்குள் ஒன்றும் மாறவில்லை என்று சொல்ல அவனுக்குக் கிடைத்த வழி அது.

படத்தின் பெயரை அப்போது யாரும் பெரிதாக எண்ணிப் பார்க்கவில்லை. ஐந்து பேர் செய்யும் தந்திரம் என்ற அளவில் விட்டுவிட்டோம். பல வருஷம் கழித்து என் மகளுக்குப் பஞ்சதந்திரக் கதைகளைப் படித்துச் சொல்லும்போதுதான் அந்தப் பழைய நூலும் நட்பைப் பற்றியது என்பது உறைத்தது. அதன் ஐந்து பகுதிகளில் முதலாவது நட்பைப் பிரிப்பது. இரண்டாவது நட்பைப் பெறுவது. மூன்றாவது போரும் சமாதானமும். நாலாவது கையில் கிடைத்ததை இழப்பது. ஐந்தாவது ஆராயாமல் செய்வது. கடைசிப் பகுதியில்தான் கீரிப்பிள்ளைக் கதை வருகிறது: குழந்தையைப் பாம்பிடமிருந்து காப்பாற்றிய கீரியின் வாயில் ரத்தத்தைப் பார்த்ததும், நின்று யோசிக்காமல் அதைக் கொன்றுவிடுகிறாள் தாய். கண்ணால் பார்த்ததை மட்டும் நம்பி மைதிலி வீட்டைவிட்டுப் போவது அந்தப் பகுதிக்குள் அடங்கும். யோசிக்காமல் உடலைத் தூக்கிக்கொண்டு ஓடும் ஐந்து பேரும் அதற்குள் அடங்குவார்கள். இரண்டாம் பகுதியில் காகம், எலி, ஆமை, மான் நாலும் நண்பர்கள். வேடனிடம் ஆமை அகப்பட்டதும் மான் செத்ததுபோல் ஆற்றங்கரையில் கிடக்கும். வேடன் மானை நோக்கி ஓட, எலி கட்டைக் கடித்து ஆமையை விடுவிக்கும். அந்த நாலும் ஒரே இனமில்லை, ஒரே பாஷையுமில்லை. எலியிடம் பல் இருந்தது, மானிடம் ஓட்டம் இருந்தது. இருந்ததைக் கொண்டு அன்றைய ஆபத்திலிருந்து ஒருவனை வெளியே கொண்டுவந்தன. ஒன்றுகூட உயிரைத் தியாகம் செய்யவில்லை. எனக்கு அந்தக் கதை அதனாலேயே பிடிக்கும்.

படத்தின்மேல் எனக்குள்ள பிரியம் என் மனைவிக்குத் தெரியும். முதல்முறை டி.வி.யில் அவளோடு உட்கார்ந்து பார்த்தபோது நிறைய இடங்களில் அவளும் சிரித்தாள். நாயரின் மனைவியாக வரும் ஊர்வசியை ரொம்பவே ரசித்தாள். முடிந்ததும் கேட்டாள்: "எல்லாம் சரிங்க, அஞ்சு பேரும் சேர்ந்து செய்யறது பொண்டாட்டிகிட்டப் பொய் சொல்றது மட்டும்தானே? அதுக்குத்தான் நட்பா?" நியாயமான கேள்வி. ஐந்து மனைவிகளின் சந்தேகத்தையும் படம் சிரிப்புக்கான எரிபொருளாகவே வைத்திருக்கிறது. அந்தச் சந்தேகத்தின் பின்னாலுள்ள வலியிடம் அது நிற்பதில்லை. மேகியையும் ஒரு சிக்கலாகவே நகர்த்திக்கொண்டு போகிறது. நண்பனைக் காப்பாற்றுவதும் நண்பன் வீட்டில் உண்மையை மறைப்பதும் ஒன்றாகிவிடும் இடத்தில் நட்பு என்ன செய்ய வேண்டும் என்று படம் கேட்கவில்லை. அந்தக் கேள்விக்கு எங்களுக்குப் பதில் கிடைத்தது திருப்பூரில்.

திருப்பூரான் படிப்பு முடிந்ததும் சிறிதாக ஒரு சாயப்பட்டறை ஆரம்பித்து, ஏழெட்டு வருஷத்தில் ஓரளவு நின்றுவிட்டிருந்தான். பனியன் துணி வெள்ளையாக உள்ளே போய் நிறமாக வெளியே வரும் இடம். அவன் கைவிரல்களைப் பார்த்தாலே அந்த வாரம் என்ன ஆர்டர் ஓடுகிறது என்று சொல்லிவிடலாம். நகத்தின் ஓரமெல்லாம் நீலமோ மெரூனோ ஏறியிருக்கும். எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது. அவன் கல்யாணப் படங்களில்கூட அந்த நிறம் இருக்கிறது. இன்னொரு பக்கம், அதே சாயம்தான் நொய்யல் ஆற்றையும் நிறமாக்கியது. ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கிய தண்ணீர் வயலுக்கு ஆகாமல் போய், கீழே இருந்த விவசாயிகள் பல வருஷம் போராடினார்கள். அவர்கள் கேட்டது நியாயம் என்று அவனே சொல்வான். 2011 ஜனவரியில் திருப்பூரின் சாயப்பட்டறைகள் மொத்தமாக மூடப்பட்டன. கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாமல் சுத்திகரித்தால்தான் திறக்கலாம் என்ற நிலை. பெரிய கம்பெனிகள் தாக்குப்பிடித்தன. அவனைப் போன்ற ஜாப் ஒர்க் ஆட்களுக்குப் போக்கிடமில்லை. கூலிக்கு வந்தவர்கள் ஊருக்குப் போய்விட்டார்கள்.

அதற்கப்புறம் அவன் போனை எடுப்பதில்லை. எடுத்தாலும் "வேலையா இருக்கேன் மாப்ள, அப்புறம் கூப்படறேன்" என்பான். மூடிக் கிடக்கும் பட்டறையில் என்ன வேலை இருந்திருக்கும்? ஏட்டன்தான் ஏற்பாடு செய்தான். பக்கத்தில் ஒரு சொந்தக்காரர் வீட்டு விசேஷம், அப்படியே உன் வீட்டில் மதியச் சாப்பாடு என்று ஒரு கதை கட்டினான். மைசூரான் ராத்திரி பஸ்ஸில் வந்தான். நான் கோபியிலிருந்து போனேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மூன்று பேரும் அவன் வீட்டு வாசலில் நின்றோம்.

"வாங்கண்ணா, உக்காருங்க" என்று அவன் மனைவி எங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். பிள்ளைகள் அவிநாசியில் பாட்டி வீட்டுக்குப் போயிருந்தார்கள். அவன் உள்ளேயிருந்து வந்து எதிரே உட்கார்ந்தான். ஷேவ் செய்திருந்தான், சட்டை மடிப்புக் கலையாமல் இருந்தது, பார்ப்பதற்கு நன்றாகவே இருந்தான். டம்ளரை நீட்டியபோதுதான் கையைப் பார்த்தேன். நகமெல்லாம் வெள்ளைவெளேர் என்று இருந்தது. விடுதி நாட்களுக்குப் பிறகு அவன் நகத்தை அப்படி நான் பார்த்ததே இல்லை. மைசூரானும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

யாரும் பட்டறையைப் பற்றிக் கேட்கவில்லை. ஏட்டன் பென் டிரைவை எடுத்து டி.வி.யில் சொருகினான். 'பஞ்சதந்திரம்' ஓட ஆரம்பித்தது. முதலில் அவன் சும்மா பார்த்துக்கொண்டிருந்தான். போன் காட்சி வந்தபோது எங்களுக்கு மனப்பாடமான வசனங்களை ஆளுக்கொரு பாத்திரமாகப் பேச ஆரம்பித்தோம். விடுமுறைகளில் எத்தனையோ முறை செய்ததுதான். வழக்கமாக ரெட்டியின் வசனம் அவனுடையது. அந்த இடம் வந்ததும் நாங்கள் நிறுத்திவிட்டுக் காத்திருந்தோம். அவன் பேசினான். பேசிவிட்டுச் சிரித்தான். சிரிப்பு நிற்கவில்லை, கண்ணில் தண்ணீர் வந்து, துண்டை எடுத்து முகத்தைத் துடைக்கும்வரை சிரித்தான்.

ஏட்டன் ரிமோட்டை எடுத்துப் படத்தை நிறுத்தினான். "மதிடா. இனி நீ சொல்லு. எத்ர கடன்?"

அவன் கொஞ்ச நேரம் டி.வி.யையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தொகையைச் சொன்னான். பேங்க் கடன் ஒரு பாதி, வெளியில் வட்டிக்கு வாங்கியது ஒரு பாதி. பட்டறை திறந்துவிடும், திறந்துவிடும் என்று மாசாமாசம் வட்டிக்கும் கடன் வாங்கியிருக்கிறான்.

"வீட்ல தெரியுமா?" என்று மைசூரான் கேட்டான். தெரியாது என்று தலையாட்டினான். அவளைப் பயமுறுத்த வேண்டாம் என்றுதான் சொல்லவில்லை என்றான். மைசூரான் எங்களில் குறைவாகப் பேசுகிறவன். அன்றைக்கு அவன்தான் குரலை உயர்த்தினான். "இது சினிமா இல்லடா. மொதல்ல அவங்ககிட்டச் சொல்லு. எங்ககிட்டச் சொன்னதுக்கு முன்னாடியே சொல்லியிருக்கணும். சொல்லாம நீ ஒரு கையெழுத்துகூடப் போடக்கூடாது." ஏட்டனும் விடவில்லை. மெஷினைத் துருப்பிடிக்க விடாமல் விற்றுவிடு, வட்டிக் கடனை முதலில் அடை, மிச்சத்துக்கு வேலைக்குப் போ என்று நேருக்கு நேர் சொன்னான். முதலாளியாக இருந்தவனிடம் வேலைக்குப் போ என்று சொல்ல அவனால்தான் முடியும்.

சமையலறை வாசலில் அவன் மனைவி நின்றிருந்தார். "எனக்குத் தெரியும்ணா" என்றார். "கேக்க வர்றவங்க எனக்கும் போன் பண்றாங்க. அவராச் சொல்லட்டும்னுதான் இருந்தேன்." அவன் எழுந்து அவர் பக்கத்தில் போனான். நாங்கள் மூன்று பேரும் எழுந்து மொட்டை மாடிக்குப் போனோம். ஒரு மணி நேரம் கழித்து அவர்தான் வந்து சாப்பிடக் கூப்பிட்டார். சாப்பிட்ட பிறகு ஐந்து பேரும் உட்கார்ந்து ஒரு நோட்டில் யாருக்கு எவ்வளவு என்று வரிசையாக எழுதினோம். கணக்கு அவருக்குத்தான் சரியாக வந்தது. வட்டி விகிதம், தேதி எல்லாம் விரல்நுனியில் வைத்திருந்தார். எந்தக் கடனை முதலில் முடிப்பது என்று முடிவு செய்தவரும் அவர்தான். பென் டிரைவில் படம் பாதியில் நின்றது நின்றதுதான்.

நட்பு என்பது சிரித்துப் பேசி மகிழ்வதற்காக அல்ல, வரம்பு மீறும்போது முன்னே சென்று இடித்துரைப்பதற்காக என்கிறார் வள்ளுவர். நான் அந்தக் குறளைப் பள்ளியில் ஒப்பித்தபோது, சிரிப்பைத் தாழ்த்தி இடித்துரைப்பதை உயர்த்துகிறார் என்று நினைத்தேன். திருப்பூரில் அந்த மதியம் இரண்டுக்கும் உள்ள தொடர்பு தெரிந்தது. பல வருஷம் கூடச் சிரித்தவன் இடித்துரைத்தால்தான் அது காதில் ஏறும். ஏட்டன் சொன்னதையே அவன் மாமனார் சொல்லியிருந்தால் வீட்டில் சண்டை வந்திருக்கும். பேங்க்காரர் சொல்லியிருந்தால் அவமானமாகியிருக்கும். எங்களிடமிருந்து வந்ததால் அவன் கேட்டுக்கொண்டான். சிரித்த சிரிப்பெல்லாம் சேமிப்பாக இருந்தது; தேவைப்பட்ட அன்று எடுத்துச் செலவழித்தோம். என் மனைவி கேட்ட கேள்விக்கும் அங்கேதான் பதில் கிடைத்தது. படத்தில் நண்பர்கள் மறைக்க உதவினார்கள். வாழ்க்கையில் நண்பர்கள் உதவ வேண்டியது வெளியே சொல்ல.

அவன் மெஷின்களை விற்றான். பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் புது முறைக்கு மாறி, பட்டறைகள் ஒவ்வொன்றாகத் திறந்தபோது ஒரு கம்பெனியில் டையிங் மாஸ்டராகச் சேர்ந்தான். கடன் அடைய வருஷங்கள் ஆயின. அடைந்தது. அவன் நகங்களில் மறுபடி நிறம் ஏறியதை முதலில் கவனித்து எங்களுக்குச் சொன்னது அவன் மனைவிதான்.

2019 ஜூன் 10-ஆம் தேதி கிரேசி மோகன் இறந்துபோனார். 69 வயது. செய்தி வந்தபோது நான் அலுவலகத்தில் இருந்தேன். சிறிது நேரத்தில் ஏட்டன் கூப்பிட்டான். பேசிக்கொண்டிருக்கும்போதே மற்ற இருவரையும் அழைப்பில் சேர்த்தான். 2002-இல் நாங்கள் ஏங்கிப் பார்த்த அதே மாதிரி, நாலு ஊரில் நாலு பேர், ஒரே அழைப்பு. பெரிதாக ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. ஆளுக்குப் பிடித்த காட்சியைச் சொன்னோம். வைரக் கல்லைப் பார்த்துத் தமிழும் தெலுங்குமாகக் கலந்து சொல்லும் அந்த நாலே சொல் வசனத்தைத் திருப்பூரான் சொன்னான். அது இன்றைக்குச் சந்தைக் கடைகளிலும் வியாபாரிகள் வாயில் புழங்குகிறது. நேரில் பார்த்திராத ஒரு மனிதருக்காக நாலு நடுவயது ஆண்கள் துக்கம் காத்தோம். அவர் எழுதிய வசனங்களைக் கொண்டுதான் ஒருவருக்கொருவர் சொல்லத் தெரியாததையெல்லாம் நாங்கள் இத்தனை வருஷம் சொல்லிக்கொண்டிருந்தோம். அதற்கான நன்றி அது.

இந்த வகைப் படங்கள் பிறகும் வந்தன. வெங்கட் பிரபு 2007-இல் 'சென்னை 600028' எடுத்தார்; 2016-இல் அதன் இரண்டாம் பாகத்தில் அதே பையன்கள் கல்யாணமானவர்களாக மறுபடி மட்டையைத் தூக்கினார்கள். அவர்களுக்குக் கிரிக்கெட் ஒரு சாக்கு. எங்களுக்கு ஒரு படம். வேறு சிலருக்குச் சபரிமலை, சீட்டு, ஊர்த் திருவிழா, மாசத்தில் ஒருநாள் பிரியாணி. எதுவாக இருந்தாலும் சரி, அதை யாரும் அற்பமாக நினைக்க வேண்டாம். நம் ஊர் ஆண்களுக்கு "எனக்குக் கஷ்டமாக இருக்கிறது, வா" என்று சொல்ல யாரும் கற்றுத்தரவில்லை. அவர்கள் சொல்லும் "வேலையாக இருக்கிறேன், அப்புறம் கூப்பிடுகிறேன்" என்பதற்குள் அந்த அழைப்பு இருக்கலாம்.

இதைப் படிக்கும்போது போனை எடுக்காத ஒரு நண்பன் உங்களுக்கு ஞாபகம் வந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்குப் போங்கள். எதற்கு வந்தாய் என்று கேட்டால், பழைய படம் ஒன்று சேர்ந்து பார்க்கலாம் என்று வந்தேன் என்று சொல்லுங்கள். அவனோடு உட்கார்ந்து நன்றாகச் சிரியுங்கள். சிரித்து முடித்ததும் படத்தை நிறுத்திவிட்டு, கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுங்கள்.